சூடு பண்ணி வைத்த ஒயின்

எனக்கு ஒயின் குடிக்கக் கற்றுக்கொடுத்தது என் மருமகள். அப்போது எனக்கு எழுபது தாண்டியிருந்தது. அவளுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. என் மகன் இறந்து ஒரு வருடம் முடியாத நேரம்.

அடையாறில் இரண்டாவது மாடியில் மகன் வாங்கிய வீடு. ஒருநாள் ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. குழந்தை இல்லை. அவனுக்குப் பிறகு அந்த வீட்டில் நானும் அவளும்தான். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், "மருமகப் பொண்ணு உங்களோடதான் இருக்கா?" என்று கேட்பார்கள். இன்னும் எத்தனை நாளைக்கு என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். திருச்சியிலிருந்து அவளுடைய அம்மா ஞாயிறுதோறும் போன் செய்வார். அவள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். நான் உள்ளே முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவேன். இப்போதெல்லாம் அரிசியில் கல் எங்கே இருக்கிறது? கையை எதிலாவது வைத்துக்கொள்ள வேண்டுமே, அதற்காக. அவளும் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நான் பஸ் பிடித்து மயிலாப்பூர் கோயிலுக்குப் போய்விட்டு வருவது வழக்கம். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பஸ் ஸ்டாப்பிலேயே நனைந்து திரும்பிவிட்டேன். சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தால் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஒரு பாட்டில், காம்பு வைத்த கண்ணாடித் தம்ளர் ஒன்று.

சட்டென்று எழுந்துவிட்டாள். "அத்தை, நீங்க இவ்ளோ சீக்கிரம்..." கையால் மறைக்கப் பார்த்தாள். அவ்வளவு பெரிய பாட்டிலை எந்தக் கையால் மறைக்க முடியும்?

"இன்னாம்மா அது, சர்பத்தா?" என்று கேட்டேன். சர்பத் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தேன்.

"இல்ல அத்தை. ஒயின்." பொய் சொல்லத் தெரியாத பெண்.

என் வீட்டுக்காரர் திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். குடித்தே போய்ச் சேர்ந்தார். தி. நகர் ஜவுளிக் கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துத்தான் மகனைப் படிக்கவைத்தேன். அந்த வாடை என் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அவன் வாயில் ஊற்றியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் அன்றைக்குக் கத்தித் தீர்த்திருக்க வேண்டும். ஆனால் நான் கத்தினால் இவள் நாளைக்கே திருச்சிக்கு ரயில் ஏறிவிடுவாள் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. ஈரப் புடவையோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரண் மேலிருந்த அட்டைப் பெட்டியிலிருந்து இன்னொரு தம்ளரை எடுத்துவந்தாள். ஜோடித் தம்ளர். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவனும் அவளுமாக ஒயின் பழக ஆரம்பித்திருக்கிறார்கள். நான் கோயிலுக்குப் போகிற சனிக்கிழமைகளில், நான் திரும்புவதற்குள் ஆளுக்கு ஒரு தம்ளர்.

"எங்களுக்கும் ஒண்ணும் தெரியாது அத்தை. போன்ல பாத்துப் பாத்துத்தான் கத்துக்கிட்டோம். உங்ககிட்ட சொல்ல அவருக்குப் பயம்."

சனிக்கிழமை நான் வீடு திரும்பும்போதெல்லாம் ஊதுபத்தி மணக்கும். மகனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் என் தம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். நான் எதையும் வாய் வைத்துக் குடித்தவள் இல்லை. காப்பியைக்கூட ஆற்றி, தூக்கித்தான் குடிப்பேன். பிறந்த வீட்டில் அப்படித்தான் பழக்கினார்கள். இதையும் அப்படியே அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். அந்தத் தம்ளர் அகலவாய். பாதி மூக்கில் ஏறியது, மீதி ரவிக்கையில் இறங்கியது. இருமித் தீர்த்தேன். அவள் தலையைத் தட்டப் பாய்ந்து வந்தவள், பாதியிலேயே சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துவிட்டோமே என்று தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை, இது தண்ணி மாதிரி இல்ல. வாய் வச்சுக் கொஞ்சமா குடிக்கணும்."

"எச்சில் பண்ணியா?"

"உங்க கிளாஸ்தானே அத்தை. யாருக்குத் தரப் போறீங்க?"

முதலில் நிறம் பார்க்க வேண்டும் என்றாள். தம்ளரைச் சாய்த்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். "என்ன கலர் சொல்லுங்க பாப்போம்."

"அரக்கு" என்றேன். "கரை மட்டும் கத்திரிப்பூ."

எத்தனை வருடம் புடவைக் கரையோரமாக ஊசி ஓட்டியிருக்கிறேன், அது ஒன்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும். அவள் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆமாம், ஓரத்தில் கத்திரிப்பூ இருக்கிறது என்றாள். அடுத்தது வாசனை. அவனுக்கு இதில் நாவல்பழம் மணக்குமாம். நான் மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். நாவல்பழம் வரவில்லை. மழை நாளில் திறந்த மரப்பெட்டி மாதிரி ஏதோ வந்தது. பிறகு ஒரு வாய். நாக்கெல்லாம் துவர்த்தது, பச்சைப் பாக்கை மென்ற மாதிரி.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்லாத்தான் கீது" என்றேன். நன்றாக இல்லை.

அதற்கப்புறம் கோயிலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை எங்களுடையதாகிவிட்டது. ஒரு பெரிய மாலில் இருக்கும் அரசாங்கக் கடையில் அவள் பாட்டில் வாங்கி, துணிப்பையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள். வாட்ச்மேன், "இன்னா மேடம், மார்க்கெட்டா?" என்று கேட்பாராம். இவள் முருங்கைக்கீரையைக் காட்டுவாளாம். கூடக் கடித்துக்கொள்ள அவள் சீஸ் வாங்கிவந்தாள். எனக்கு அது இறங்கவில்லை. நான் வேர்க்கடலை அவித்தேன். ஊரூர் குப்பத்து மீன்கார அம்மா கூடையில் நெத்திலி கொண்டுவந்த அன்று வறுத்து வைத்தேன். மீனுக்கு வெள்ளை ஒயின்தான் சேரும் என்று அவள் போனைப் பார்த்துச் சொன்னாள். அப்போது வீட்டில் சிவப்புதான் இருந்தது. நெத்திலி பாட்டுக்கு அதோடேயே உள்ளே போயிற்று.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ஆனால் அந்த அரைத் தம்ளருக்குப் பிறகு பேச வந்தது. அவன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று என் தையல் மிஷினுக்கு அடியில் ஒளிந்துகொண்டதைச் சொன்னேன். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்புவானே, நடக்கவில்லையாம். பெசன்ட் நகர் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு வருவானாம். நீச்சல் கற்கவேண்டும் என்று ஆசை, தண்ணீர் என்றால் பயம். இது எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு பாதி இருந்தது, அவளிடம் ஒரு பாதி. சனிக்கிழமை சாயங்காலங்களில் இரண்டையும் மேஜையில் வைத்துப் பார்த்தோம்.

எனக்கு ஒயின் பிடிக்கவும் ஆரம்பித்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமையே அந்தத் துவர்ப்பு நாக்கில் நினைவு வரும். இவளைப் பிடித்து வைக்கத்தான் உட்கார்ந்தேன். பிறகு எனக்காகவும் உட்கார்ந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவளே சொன்னாள். "அம்மா ஒருத்தரைப் பத்திச் சொல்லிட்டே இருக்காங்க அத்தை. என்கூடக் காலேஜ்ல படிச்சவர்தான். பெங்களூர்ல வேலை. இன்னும் கல்யாணம் பண்ணிக்கல. அவரே வந்து கேட்டாராம்."

உரித்த கடலையைக் கீழே வைத்தேன். "நீ இன்னா சொன்ன?"

"வேண்டாம்னுட்டேன். உங்கள விட்டுட்டு நான் எங்க போறது?"

நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் கடலை போட்டேன். அதைவிட வேறெதுவும் நான் கேட்கவில்லை.

பரண் மேல் பெட்டியில் அவன் வாங்கிவைத்த பாட்டில் ஒன்று திறக்காமல் இருந்தது. அவர்களுடைய கல்யாண நாளுக்காக வாங்கியது. அந்த நாள் வருவதற்குள் அவன் போய்விட்டான். அவன் பிறந்தநாளன்று, அது வார நாள், ஆபீஸ் விட்டு வந்ததும் அவள் அதை எடுத்தாள். தக்கை பாதியில் உடைந்து தூள் உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்தோம். நல்ல கறுத்த அரக்கு. அன்றைக்கு எனக்கு நாவல்பழம் மணந்தது. அவளிடம் சொன்னேன். அவள் தம்ளரை வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குமேல் இருவராலும் குடிக்க முடியவில்லை. பாட்டிலை மூடி வைத்தாள்.

"திறந்துட்டா ரெண்டு மூணு நாள்தான் அத்தை. அப்புறம் புளிச்சிடும்" என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்குமேல் இருந்தது. அவன் கையால் வாங்கியதில் மிச்சம் இதுதான். இது புளித்துப் போகுமாம். குழம்பு மீந்தால் என்ன செய்வோம்? ராத்திரி ஒரு கொதி விட்டு வைப்போம், காலையில் அப்படியே இருக்கும். ரசமானாலும் சாம்பாரானாலும் அதுதான். எனக்குத் தெரிந்த வழி அது. எவர்சில்வர் பாத்திரத்தில் அத்தனையையும் ஊற்றி அடுப்பில் வைத்தேன். நன்றாக ஒரு கொதி வரட்டும் என்று நின்றேன்.

கொதி வந்தபோது வீடு முழுக்க வாடை. கண் எரிந்தது. ஜன்னலைத் திறக்க ஓடினேன். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் சம்பந்தியம்மா, கையில் பையோடு. பெண் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு, போனில் பேசிப் பயனில்லை என்று நேரிலேயே கிளம்பி வந்திருக்கிறார். மூக்கைச் சுளித்தார். என்னைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போனார்.

"என்னங்க சம்பந்தியம்மா இது. வீட்டுல சாராயம் காய்ச்சுறீங்களா?"

"சாராயம் இல்ல. ஒயினு. கெட்டுப்போவக் கூடாதுன்னு சூடு பண்றேன்."

"ஒயினா? யாரு குடிக்கிறது?"

"நான்தான்."

பாத்திரம் கவிழ்க்கும் கூடையில் இரண்டு தம்ளரும் தலைகீழாக நின்றன. அவர் அதைப் பார்த்தார். "ரெண்டு கையாலயும் குடிப்பீங்களோ?"

நான் அடுப்பை அணைத்தேன்.  அவர் கூடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

அவள் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டது.

"அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நான்தான் அவங்களுக்குக் கத்துக் கொடுத்தேன்."

"நீ கத்துக் கொடுத்த, அவங்க கத்துக்கிட்டாங்க. எழுபது வயசுல எதுக்குக் கத்துக்கிட்டாங்கன்னு யோசிச்சியா? உன்னக் கட்டிப்போட வேற கயிறு கெடைக்கல. அதான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் பார்க்காததை இந்த அம்மாள் வந்த அன்றே பார்த்துவிட்டார்.

"நான் எங்கயும் வரல" என்றாள் மருமகள். "இவங்களோடதான் இருப்பேன். இனிமே இந்தப் பேச்ச எடுத்தீங்கன்னா நான் போனே எடுக்கமாட்டேன்."

எனக்கு வேண்டியது அதுதான். அதை அவள் தன் அம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். சந்தோஷம் வரும் என்று இருந்தேன். வரவில்லை.

காலையில் சம்பந்தியம்மா கிளம்பும்போது சமையலறைக்கு வந்தார். கோபம் இறங்கியிருந்தது. அழுது வீங்கிய கண். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க பையன் போனது எனக்கும் வயித்தெரிச்சல்தான். நல்ல பிள்ளை. ஆனா எம் பொண்ணு இருக்கா சம்பந்தியம்மா. உசிரோட இருக்கா. நான் வேற என்ன சொல்ல?"

அன்று சாயங்காலம் மருமகள் அந்த எவர்சில்வர் பாத்திரத்தைத் திறந்தாள். ஒரு தம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். விளக்குக்கு நேரே பிடித்தாள், கலங்கிய பழுப்பு. முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிம்மா கீது?"

"நல்லாதான் இருக்கு அத்தை."

பொய் சொல்லத் தெரியாதவள் எனக்காகச் சொன்னாள். நானும் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். அதில் ஒன்றுமே இல்லை. புளிப்பு மட்டும்தான். நாவல்பழத்தை நானே கொதிக்க வைத்து ஆவியாக அனுப்பிவிட்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அத்தை. வேற வாங்கிக்கலாம். நமக்கு இன்னும் எத்தனையோ சனிக்கிழமை இருக்கு."

எனக்கு எத்தனை இருக்கும்? ஐந்து வருடமோ, பத்து வருடமோ, எனக்கு இருக்கிற வரைக்கும். அதற்குப் பிறகு இந்த மேஜையில் இவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள், எதிரே நாற்காலி காலியாக. அப்போதும் அவளுக்குத் தலை பாதிகூட நரைத்திருக்காது. தூங்கப் போகும்வரை எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணில் நின்றது.

அடுத்த சனிக்கிழமை அவள் புதுப் பாட்டில் வாங்கிவந்தாள். இரண்டு தம்ளரையும் எடுத்து வைத்தாள்.

"எனக்கு வேணாம்மா" என்றேன்.

"ஏன் அத்தை, உடம்பு சரியில்லையா?"

"உடம்புலாம் நல்லாத்தான் கீது. எனக்கு இது புடிக்கல. மொதல்லேருந்தே புடிக்கல."

அவள் பாட்டிலைப் பிடித்தபடி நின்றாள். "மொதல்லேருந்தேவா?"

"ஆமா. வாயில வச்சாலே எம் பையனோட அப்பா நெனப்புத்தான் வருது. நீ ஊத்திக் குடுக்கறியேன்னு குடிச்சிக்கினு இருந்தேன். இனிமே முடியாது. சனிக்கிழமன்னா நான் கோயிலுக்குப் போவணும். எனக்காவ நீயும் இங்க உக்காந்துக்கினு இருக்காத."

"அப்போ நாம பேசினதெல்லாம்?"

"நீ தனியா கீறியேன்னு பேசினேன்."

அவள் பாட்டிலைத் திறக்காமலே அலமாரியில் வைத்தாள். தம்ளர்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டாள். ஸ்டூலில் ஏறி அதைப் பரணில் தள்ளும்போது அவள் முதுகு குலுங்கியது. நான் புடவை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். பிராகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தேன். சாமியிடம் எதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு கொஞ்ச காலம் வீட்டில் பேச்சே குறைந்தது. நான் திரும்பி வரும்போது அவள் விளக்குப் போடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒரு சனிக்கிழமை வந்தபோது வீடு பூட்டியிருந்தது. எனக்குப் பின்னால்தான் அவள் வந்தாள். குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவர் பெங்களூர்லேருந்து வந்திருந்தார் அத்தை. காபி சாப்பிட்டோம்" என்றாள்.

"நல்லதும்மா" என்றேன். உள்ளே போய் அரிசி களைந்தேன்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. நல்ல காரியத்துக்கு நான் எதற்கு என்று வீட்டிலேயே இருந்துவிடப் பார்த்தேன். நீங்கள் வராவிட்டால் நானும் போகவில்லை என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போட வேண்டுமாம். அங்கிருந்த குமாஸ்தா, "பொண்ணுக்கு நீங்க என்ன உறவும்மா?" என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். சம்பந்தியம்மாதான் பின்னாலிருந்து சொன்னார், "அம்மா மாதிரி. எழுதிக்கங்க."

"மாதிரின்னு எல்லாம் எழுத முடியாதும்மா."

"அத்தை" என்றாள் அவள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் ஐந்தாவது வரை படித்த கையெழுத்தில் என் பெயரைப் போட்டேன். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

என்னையும் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையும் மனதாரத்தான் கூப்பிட்டார். "அக்கம்பக்கத்துல என்னை யாருன்னு சொல்லுவ?" என்று கேட்டேன். அவள் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். நான் அடையாறிலேயே இருந்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்குப் போன் செய்கிறாள். போன வாரம் பேசும்போது, மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்களோடு ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனதாகச் சொன்னாள். அங்கேயே ஒயின் செய்கிறார்களாம். எல்லோர் கையிலும் ஆளுக்கொரு தம்ளர் கொடுத்தார்களாம்.

"நான் எடுத்துக்கல அத்தை" என்றாள். "அன்னிக்கு நீங்க மொதல்லேருந்தே புடிக்கலன்னு சொன்னீங்கல்ல. அதுலேருந்து அதைப் பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு. உங்க பையன்கூடச் சேந்து பழகினத வச்சு உங்களையும் போட்டுப் படுத்திட்டேனேன்னு. அப்புறம் தொடவே இல்ல."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் பால்கனியில் நின்றேன். அவனோடு அவள் இருந்த சனிக்கிழமைகளும் என் பேச்சில் கெட்டுப்போயின என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்குப் பிடித்திருந்தது கண்ணு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாள். கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிடும். புரிந்தால் புது வீட்டில் உட்கார்ந்து அழுவாள்.

"எனக்குப் புடிக்கலன்னா உனக்கு இன்னா? உனக்குப் புடிச்சா நீ குடி" என்றேன்.

சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, போனில் தெரியவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை ஏதோ கேட்டார், அவருக்குப் பதில் சொன்னாள். பிறகு என்னிடம், "இன்னிக்கு என்ன சமையல் அத்தை?" என்றாள்.

கத்திரிக்காய் கூட்டு என்றேன். அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.